பத்தி 14: வெளியீடுகள்

பதவி உயர்வுப் படிவத்தில்
பதினான்காவது பத்தி கேட்கிறது:
எத்தனை கட்டுரைகள், எந்த இதழ்,
ஆசிரியர் வரிசையில் உங்கள் இடம்.
ஐந்து மணிக்குள் டீன் அலுவலகத்தில் சேர வேண்டும்.
இப்போது மூன்றே கால்.
தர்மபுரி வெயில் இன்னும் ஜன்னல் கம்பியில்.
புறநோயாளிகள் கலைந்துவிட்டார்கள்,
வாசலில் ஒற்றைச் செருப்பு கிடக்கிறது.

பதினொன்று என்று எழுதுகிறேன்.

முதலாவது,
வலிப்பு வந்தவர் கையில் திணிக்கும் இரும்பு பற்றி.
அரூரிலும் பாப்பாரப்பட்டியிலும் வீடு வீடாகக் கேட்டோம்.
சாவிக்கொத்து, அரிவாள், கடப்பாரை முனை;
ஒருவர் டிராக்டர் ஸ்பேனர் என்றார்.
இரும்பால் நின்றதா என்றேன்.
"நின்னுச்சுங்களே."
இரண்டு நிமிடத்தில் தானாகவே நிற்கும் என்பதை
ஆறு பக்கங்களில் நிறுவினேன்.
இன்றுவரை யாரும் மேற்கோள் காட்டவில்லை.

நான்காவது,
வலிப்பு நோயாளிகள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ரத்தத்தில்
கோதுமை மீதான பகையைத் தேடியது.
இருவரிடம் கிடைத்தது.
களி தின்று வளர்ந்த ஜில்லாவில்
சீலியாக்கைத் தேடுகிறாளே என்று
கேண்டீனில் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், வாயில் சமோசா.

அதன் அட்டவணைக்கு அடியில் ஒரு குறிப்பு:
தொடர்பில் இல்லாதவர்கள் ஒன்பது பேர்.
எட்டுப் பேர் என்ன ஆனார்கள், தெரியாது.
ஒன்பதாமவள் வாணியாற்றுக் கால்வாயில்
துணி அலசக் குனிந்தவள்.
மாத்திரை தீர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது.
எங்கள் மருந்தகத்தில் இருப்பு இல்லை.
அதற்கு அட்டவணையில் பத்தி கிடையாது.

ஏழாவது கட்டுரைகூட அல்ல,
இதழாசிரியருக்கு ஒரு கடிதம்.
நானூறு சொல், ஐந்து மேற்கோள்.
அதற்குள் முனிராஜை அடக்க வேண்டியிருந்தது.

ஓசூர் பேக்கரியில் பன்னுக்கு மாவு பிசைந்தவன்.
முதலில் கண்ணுக்குள் கலர் கலராய் வட்டங்கள்,
பிறகு வாந்தி, பிறகு தரை.
மூன்று மருந்துக்கும் அடங்கவில்லை.
ஸ்கேனில் மூளையின் பின்பக்கம்
இரு புறமும் சுண்ணாம்புக் கீற்று.
நாடாப்புழு என்று எழுதியது நான்தான்.

அவன் அம்மா மாதம்மாள் சொன்னாள்:
"கால் ஒடிஞ்சு ஆறு மாசம் ஊர்ல கெடந்தான்.
போகப் போக ஒண்ணுமே வரலீங்க.
ஓசூர் போனதும் மறுபடி ஆரம்பிச்சிருச்சு.
அந்த ஊர்ல என்னமோ இருக்குதுங்க மேடம்."

ஊரில் களி. ஓசூரில் பன்.
அவள் சொன்னது முழுவதையும்
'உணவு வரலாறு' என்று இரண்டு சொல்லாக்கினேன்.

ஓர் இதழ் படிக்காமலே திருப்பியது.
அடுத்ததன் மதிப்பீட்டாளர் கேட்டார்:
தமிழ்நாட்டில் சீலியாக்கா? குடல் திசு எங்கே?
அவருடைய அந்த ஒரு வரிக்காக
மாதம்மாள் ஒரு வெள்ளாட்டை விற்று
மகனைச் சேலத்துக்கு அழைத்துப்போனாள்.
மதிப்பீட்டாளர் திருப்தி தெரிவித்தார்.

ஆசிரியர் வரிசை:
நான், அவனைப் பார்த்தே இராத துறைத்தலைவர்,
ரேடியாலஜி, பயாப்சி, மற்றும் பிறர்.
நன்றியுரையில் மாதம்மாள் இருந்தாள்.
பதினோரு சொல் கூடிவிட்டது என்றார்கள்.
நன்றியுரையை வெட்டினேன்.

எட்டாவது, ஏழாவதற்குப் பிழைதிருத்தம்.
17 வயதை 71 என்று அடித்திருந்தேன்.
இதையெல்லாம் கணக்கில் சேர்க்கலாமா?
சேர்த்துவிட்டேன். இல்லையென்றால் பத்து.

"மேடம், செருப்பு விட்டுட்டுப் போயிட்டனுங்க."
ஒரு காலில் வெறுமையோடு வாசலில் முனிராஜ்.
மாங்கூழ் ஆலையில் சீசன் முடிந்து
மாத்திரை வாங்க வந்தவன்.
செருப்பை மாட்டியும் போகவில்லை.
போன மாதம் மச்சான் கல்யாணம், காரிமங்கலம்.
நாலு நாளும் பரோட்டா.
"வட்டம் மட்டும் வந்துச்சுங்க. விழல."

என்ன நிறம் என்றேன்.
"மொதல்ல மஞ்சள். ஓரத்துல பச்சை. எடது பக்கமாத்தான்."
எத்தனை நேரம், எத்தனை முறை, எந்தத் தேதி,
கேட்கக் கேட்க எழுதிக்கொண்டே போய்
கடைசியில்தான் பார்த்தேன்
கையில் கிடைத்த காகிதம் எதுவென்று.

பதினான்காவது பத்தியின் மேலேயே
மஞ்சள், பச்சை, இடது.

மணி நாலரை.
டீன் அலுவலகத்தில் வேறு படிவம் இருக்குமா என்று
ஆள் அனுப்பிவிட்டு
அவனை உட்காரச் சொன்னேன்.