இடத்தோள், நான்கு சென்டிமீட்டர்

வாலிநோக்கம். வற்றுக்கடல்.
மணலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
அதன்மேல் கார் பேட்டரி,
பேட்டரிக்குக் குடை.
எனக்கு வெயில்.

ஒரு தூண் கொண்டுவந்திருக்கிறேன்.
நூறு நானோமீட்டர் அகலம்;
கொசுக்காலின் குறுக்கே ஆயிரத்தை அடுக்கலாம்.
இரண்டு காந்த அடுக்குகள், நடுவே
நாலைந்து அணு உயரத்தில் ஓர் ஆக்சைடுப் படலம்.
கீழடுக்கு நங்கூரம், அசையாது.
மேலடுக்கு கயிறு நீட்டி விட்ட வள்ளம்.
மின்சாரம் ஏறினால்
ஒவ்வோர் எலெக்ட்ரானும் தன் சுழலை
மூட்டைபோல் அங்கே இறக்கிவிட்டுப் போகும்.
வள்ளம் சுற்றும்,
நொடிக்கு ஐந்நூறு கோடித் தடவை.

பக்கத்தில் இரும்பு வந்தால்
அந்த எண்ணில் கொஞ்சம் மாறும்.
அந்தக் கொஞ்சத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

பூமி முழுதும் சேர்ந்து தள்ளினாலும்
கூடுவது பத்து லட்சத்துச் சொச்சம்.
அதுவும் இந்தக் கரையில்
பூமியின் காந்தம் படுத்தே கிடக்கிறது.
ஊசி தலை கவிழாது,
வடக்கே பார்க்கும், அவ்வளவுதான்.

கப்பல் உடைத்த கரை இது.
மணலுக்கடியில் விட்டுப்போன தகடுகளை
வரைபடம் ஆக்க வந்தேன்.
முதலில் இரும்பே இல்லாத ஓரிடம் வேண்டும்,
பூஜ்யம் குறித்துக்கொள்ள.
மூன்று இடம் மாற்றி இங்கே உட்கார்ந்தோம்.

பதினொன்று இருபதுக்கு ஒரு தாவல்.
பன்னிரண்டுக்கு ஒன்று.
வெப்பம் என்று எழுதினேன், அடித்தேன்.
பேட்டரி என்று எழுதினேன், அடித்தேன்.
சாலிடர், கம்பி, தூரத்து டிராக்டர்,
என் சேப்டி பின்.
பின்னைக் கழற்றி வைத்துவிட்டுத்
துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.
மறுபடி தாவல்.

நூகு லெப்பை குடையை நிமிர்த்தக் குனிகிறார்.
தாவல்.
நகர்கிறார். இல்லை.
"பாய், இன்னொருதரம் குனிங்க."
குனிந்தார்.
இடப்பக்கம் மட்டும்.

சட்டையை விலக்கினார்.
தோளில் புளியங்கொட்டை அளவு ஒரு மேடு.
"கட்டிங்ல தெறிச்சது புள்ள.
ராம்நாட் டாக்டரு, தோண்டுனா கை போயிரும்,
கெடந்தா கெடக்கட்டும்னுட்டாரு.
மழைக்கு முன்னாடி எங்கிட்டப் பேசும்.
இன்னைக்கு ஆள் மாத்திருச்சு."

காலையிலிருந்து நான் தேடிய இரும்பு
இரண்டு முறை கடைத்தெருவுக்கு நடந்துபோய்
எனக்கு டீ வாங்கி வந்திருக்கிறது.

தூணுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.
நாலு சென்டிமீட்டர். ஆறு. பத்து.
நாலில் அவர் தோள் தள்ளியது
பூமி தள்ளுவதில் முக்கால்வாசி.
மூச்சை இழுத்தால் எண் ஏறியது,
விட்டால் இறங்கியது.
அசையாமல் இருங்கள் என்று சொல்ல வாயெடுத்து
சொல்லவில்லை.

"எந்தக் கப்பல்னு சொல்லுமா ஒங்க மிசினு?"
சொல்லாது. எவ்வளவு என்று சொல்லும்.
"எங்களுக்கும் தெரியாது.
கரை தட்டுன அன்னைக்கே
பேரத்தான் மொதல்ல சொரண்டுவோம்."

நோட்டில் எழுதினேன்:
மூலம் நூகு லெப்பை, இடத்தோள், நாலு செ.மீ.
இந்தப் பக்கம் முழுக்க
இனி எல்லா இரும்பையும் அதை வைத்துத்தான் அளக்கவேண்டும்.

தண்ணீர் நாற்காலிக் கால் வரை வந்துவிட்டது.
பேட்டரியை அவர் வலத்தோளில் தூக்கிக்கொண்டார்.
சேப்டி பின்னைக் காணோம்.
ஐந்நூறு கோடிச் சுற்றையும் பையில் போட்டுக்கொண்டு
குனிந்து
வெறும் கையால் மணலைத் துழாவினேன்.