எழுபத்தைந்து சொற்கள்

பிராஸ் பாசா கடையிலிருந்து வந்த கண்ணாடிப் பலகையில்
பரிமளாவின் கடைசி எழுத்தைக் காணோம்.
திருப்பி அனுப்பினேன்.
நாலு நாள் ஆகும் என்றார்.
விழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

துறை அலுவலகத்தில் என் பங்கு இவ்வளவே:
அரங்கு, மீஹூன், ஹலால் சான்று,
முதல் வரிசைக்கு இருக்கை அட்டை,
நிகழ்ச்சித்தாளில் அவளைப் பற்றி எண்பது சொல்.

கணவர் எட்மண்ட் போனில் சொன்னார்:
தேநீரில் அவள் சர்க்கரை தொட மாட்டாள்.
ஆய்வுக்கூடத்து சூ ஹ்வீ சொன்னாள்:
மூன்று பொட்டலம். கலக்கவே மாட்டாள்,
அடியில் தேங்குவதைக் கரண்டியால் வழித்துத் தின்பாள்.
பணியாளர் கோப்பு சொன்னது:
ஒவ்வாமை, இறால்.
இறாலா?
கிளிமெண்டி அங்காடியில் என் எதிரே உட்கார்ந்து
இறால் மீ சாப்பிட்டவள் யார் அப்போது,
உதடு தடித்துப்போய்ச் சிரித்துக்கொண்டு?

ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.
எழுதிக்கொண்டேன்:
அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததே இல்லை.
எண்பதில் ஐந்து சொல் தீர்ந்தது.

பரிசு பெற்ற கட்டுரை நூருல் ஹிதாயாவுடையது.
தினமும் ஜோகூர்ப் பாலம் தாண்டி வருகிற பெண்.
ஓரம் வெட்டுப்படாமல் அச்சாகிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன்.
முதல் பக்கத்தில் ஒரு கப்பல்.
ஜலசந்தியில் அது இருக்குமிடத்தை
ரேடார் ஒன்று சொல்கிறது, கேமரா ஒன்று,
கப்பல் தன்னைப் பற்றித் தானே அறிவிப்பது இன்னொன்று.
மூன்றையும் இணைத்தால் ஒரு புள்ளி,
புள்ளியைச் சுற்றி ஒரு நீள்வட்டம்:
இதற்குள் எங்கோ.
சாட்சி சேரச் சேர வட்டம் சுருங்கும்,
நமக்கும் தைரியம் வரும்.
ஆனால் இரண்டு சாட்சியும்
ஒரே வாயிலிருந்து கேட்டவர்கள் என்றால்?
ஒரு செய்தியை இருமுறை எண்ணியிருக்கிறோம்.
சுருங்கிய வட்டத்துக்குள் கப்பலே இல்லை.

அதன்பின் சமன்பாடுகள். தாண்டிப் போனேன்.
பத்தாம் பக்கத்தில் என்னவோ உறுத்த
எட்மண்டை மறுபடி அழைத்தேன்.
கோபமே வராது என்று எப்படித் தெரியும்?
"அவளே சொல்வாளே."
சூ ஹ்வீயும் சொன்னாள்:
"அவளே சொல்வாள். அடிக்கடி."

நான் பார்த்திருக்கிறேன்.
நான்காம் மாடி, அச்சு இயந்திரம்,
மானிய விண்ணப்பத்தின் கடைசி நாள், மாலை ஐந்தே முக்கால்.
தாள் சிக்கியது, எடுத்தாள், சிக்கியது.
இடது கால் செருப்பைக் கழற்றி
அதன் தலையில் நாலு போட்டாள்.
தமிழில் ஒரு வார்த்தையும் சொன்னாள்;
அந்த மாடியில் எனக்கு மட்டும் புரிகிற வார்த்தை.

ஐந்து சொல்லையும் அடித்தேன்.
அந்த இடத்தில் போட ஒன்றும் கிடைக்கவில்லை.
அப்படியே அச்சுக்குப் போனது.

விழாவில் ஹிதாயாவுக்கு உறை மட்டும் கொடுத்தோம்,
பலகை பிறகு வரும் என்று.
இரு கையாலும் வாங்கி, கேமரா எங்கே என்று தேடினாள்.
பார்வையாளர்கள் கறிபஃப் பக்கம் நகர
எட்மண்ட் தாளோடு என்னிடம் வந்தார்.
"எண்பது சொல் என்றீர்கள்.
எழுபத்தைந்துதான் இருக்கிறது."
எண்ணியிருக்கிறார்.

சொன்னேன். இயந்திரம், நாலு அடி, எல்லாம்.
அந்த வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன்.

கென்ட் ரிட்ஜ் சரிவுக்குக் கீழே
பாசிர் பாஞ்சாங் பளுதூக்கிகள்
பெட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தன.
வெகுநேரம் அங்கேயே பார்த்துவிட்டுக் கேட்டார்:
"நீலச் செருப்பா?"

ஆமாம்.

"வார் அறுந்து வந்தாள் ஒருநாள்.
தொண்ணூற்றைந்தாம் பஸ்ஸில்
யாரோ மிதித்துவிட்டார்கள் என்றாள்.
இன்னும் அலமாரியடியில்தான் கிடக்கிறது."