மூன்றாம் புள்ளி

தை அறுவடையில் சுணை எங்கும் பறக்கிறது.
சட்டைக் காலரில், டீ கிளாஸில்,
கடன் சங்கத்து ரசீதுப் புத்தகத்தில்,
கடைசியில்
என் பிரெயில் கருவியின் முதல் கட்டத்தில்.

இருபது கட்டம். ஒவ்வொன்றிலும் குட்டி ஊசிகள்.
எழும், அமரும், எழும்.
விரலுக்கடியில் ஒரு வரி முளைத்து
அடுத்த வரிக்கு இடம்விட்டுப் படுத்துக்கொள்ளும்.
அன்றைக்கு முதல் கட்டத்தில்
மூன்றாம் புள்ளி மட்டும் எழவில்லை.
பல்துலக்கியால் தட்டினேன், ஊதினேன், திட்டினேன்.
எழவில்லை.

க என்றால் ஒன்றும் மூன்றும்.
மூன்று போனால் மிச்சம் அ.
ம-வில் மூன்று போனால் ச.
காலையில் திறந்ததும்
மங்களாம்பிகையாகிய என்னைச்
சங்களாம்பிகை என்று வரவேற்கிறது.
தங்கை செய்தி அனுப்புகிறாள்:
மாவு தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கி வா.
நான் படித்தது: சாவு தீர்ந்துவிட்டது.
கும்பகோணம் டவுன் பஸ்ஸில்
தனியாகச் சிரித்தேன்.
பக்கத்து இருக்கைக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

வரியின் முதலில் வரும் கடன்
அடன் ஆகிவிடுகிறது.
அடனைத் தள்ளுபடி செய்வதாக
எந்தக் கட்சியும் இதுவரை சொல்லவில்லை.

பழுது பார்க்க பெங்களூர் போக வேண்டும்.
ஆறு வாரம், கூடவும் ஆகலாம்.
"அதுவரை போன் பேசுமே" என்றார் செயலாளர்.
பேசும்.
ஒருநாள் பேசவிட்டேன்.
கவுன்ட்டருக்கு வெளியே பதினோரு பேர்.
உத்திராபதி, நிலுவை ஒரு லட்சத்து நாற்பதாயிரம்,
நகை ஏல நோட்டீஸ் அனுப்பப்பட்டது என்று
எந்த ஊர்த் தமிழும் இல்லாத ஒரு தமிழில்
தெளிவாக, நிறுத்தி,
வரிசை முழுக்கக் கேட்கும்படி வாசித்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
மின்விசிறி சுற்றியது.
உத்திராபதியின் செருப்புச் சத்தம் மட்டும்
படியிறங்கிப் போனது.

காதில் ஒயரைச் செருகிக்கொள்ளலாம்தான்.
ஒரு காதை அதற்குக் கொடுத்தால்
எதிரே நிற்பவர் பாதியாகிவிடுகிறார்.
தொண்டையைச் செருமிக்கொள்வது,
பேச வந்ததை விழுங்குவது,
"நீ கேளு" என்று மனைவியை முன்னால் தள்ளுவது
இதெல்லாம் மறுகாதுக்கு எட்டாது.

விரலுக்கு வாய் இல்லை.
கருவியை மடிமேல் வைத்துக்கொண்டு
மேசைக்கடியில் தடவிப் பார்த்துவிட்டு
"உள்ள வாங்கண்ணே, பேசிக்கலாம்" என்பேன்.
அவர் கடன் என் தோலோடு நின்றுவிடும்.

அதனால் பெங்களூர் போகவில்லை.
மாசி, வைகாசி, ஆடிப்பெருக்கு,
எல்லாம் மூன்றாம் புள்ளி இல்லாமலே போயின.
மருதமுத்து சருதமுத்தாக வந்து
கடைசித் தவணை கட்டிவிட்டும் போய்விட்டார்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை.
ராத்திரி இரண்டு மணிக்கு கரண்ட் இல்லை.
வீட்டில் எல்லோரும் டார்ச் தேடுகிறார்கள்.
பதினொரு சதவீதம் சார்ஜோடு
கருவி என் கையில் அதிர்ந்தது.
சங்கத்து வாட்ச்மேன் தவமணி.

அரை உடைஞ்சிருச்சு.

எதில் அரை?
விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
வெளியே அரசலாற்றின் சத்தம்
வழக்கமாக இருக்கும் இடத்தில் இல்லை,
கிட்டத்தில் இருந்தது.
எழாத புள்ளியின் பள்ளத்தில்
விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

உத்திராபதி வீடு மதகை ஒட்டி.
நம்பர் மனப்பாடம்.
ஏழாவது மணியில் எடுத்தார்.
தெருவுக்கே கேட்கட்டும் என்று
கத்தினேன்.