பன்னிரண்டாம் இலக்கத்தின் தோள்

ஆட்டம் முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு
பதினேழு ஜேர்சிகள் என்னிடம் வரும்.
கிரான்வில் மைதானத்தின் கீழ்த்தளம், ஜன்னல் இல்லை.
மூன்று மெஷின்கள். நடுவில் நிற்பதற்குச்
சுழலும்போது நடக்கிற பழக்கம்;
யாரோ விட்டுப்போன பூட்ஸ் ஒன்றை முட்டுக்கொடுத்திருக்கிறேன்.

றக்பி நான் பார்ப்பதில்லை. வாசிப்பேன்.
முதுகில் புல் என்றால் மல்லாக்க விழுத்தப்பட்டவன்.
நெஞ்சில் சுண்ணாம்பு, கோட்டைத் தாண்டிப் பாய்ந்தவன்.
தோளில் அடுத்தவன் மூக்கு இரத்தம்,
அவன்தான் ஓடி வந்தவனை மறித்தவன்.
பச்சைத் தண்ணீர், உப்பு, பிறகுதான் தூள்.
இரத்தத்துக்குச் சுடுதண்ணீர் ஆகாது.

இங்கே கடைசியாய் வரும் அணிக்கு
மரக்கரண்டி கிடைத்தது என்பார்கள்.
இரண்டு வருடமாய் அது எங்களிடம்.
அகப்பையைப் பழித்து என்ன, சட்டியில் இருந்தால்தானே?

நவம்பரில் புதுப் பயிற்றுநர் வந்தார்.
ட்ரெவாஸ்கிஸ். டவுன்ஸ்வில்லில் இருந்து, ஒரு கிழட்டு நாயோடு.
கண்ணாடி அறையில் இருந்த சாய்கதிரையை வெளியே எறிந்தார்.
முதல் நாலு ஆட்டமும் தோல்வி.
ஐந்தாம் கிழமை படியிறங்கி வந்தார்,
ஈரத்தரையில் நாய் படுத்துக்கொண்டது.
"பாரா, எவனுடைய ஜேர்சி சுத்தமாய் வருகிறது?"

பதினாறு வருடத்தில்
ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.
அதனால்தான் அவ்வளவு கெதியாய்ச் சொன்னேன்:
"பன்னிரண்டு. வலத்தோள்."

வியாழக்கிழமைப் பட்டியலில்
ரீஸ் கலகன் இல்லை.

பத்தொன்பது வயது விலியாமிக்கு அந்த இலக்கம்.
நியூகாசில் மழையில் ஆடி வந்த ஜேர்சி
கழற்றிவைத்த இடத்தில் தானாக நின்றது, அவ்வளவு சேறு.
ஐந்து வெற்றி, தொடர்ந்து.
மெரிலண்ட்ஸ் ஸ்டேஷனில் கழுத்துத்துணி கட்டிய சனம்.
மரக்கறிக் கடைக்காரன் எனக்குச் சில்லறை வேண்டாம் என்றான்.
பயிற்றுநர் ஒரு பெட்டி பியர் அனுப்பினார்.
நான் குடிப்பதில்லை.
பூட்ஸை எடுத்துவிட்டு அதை முட்டுக்கொடுத்தேன்.

யூலையில் ரீஸ் வந்தான்.
வலது கை தூளியில்.
மூட்டு மார்ச்சிலேயே கிழிந்துவிட்டதாம்,
வெளியில் ஊசி போட்டுக்கொண்டு ஆடினானாம்,
ஒப்பந்தம் முடிகிற வருடம், யாரிடம் சொல்வது?
மகளுக்கு ஒரு பழைய ஜேர்சி கேட்டான்.
மடித்துக் கொடுத்தேன்.
முகத்தில் வைத்து மணந்துவிட்டு
"எப்பவும் நல்ல வாசம், பாரா" என்று
இடக்கையால் என் முதுகில் தட்டினான்.
அன்று நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின ஆட்டம்.
எண்பதாவது நிமிடம், ஒரு உதை, கம்பத்தில் பட்டுத் திரும்பியது.
அத்தோடு எட்டாமிடம் போனது, ஒன்பதில் நின்றோம்.
ஒன்பதுக்கே ஊர் வெடி கொளுத்தியது;
அகப்பை வேறு வீட்டுக்குப் போயிருந்தது.

அடுத்த நாள் ட்ரெவாஸ்கிஸ் மறுபடி படியிறங்கினார்.
நாய் இல்லை. கேட்கவில்லை நான்.
நடக்கும் மெஷினில் சாய்ந்துகொண்டு
அதே கேள்வி.

கூடையில் மேலாகப் பன்னிரண்டாம் இலக்கம் கிடந்தது.
நெஞ்செல்லாம் சேறு, வலத்தோளில் காய்ந்த இரத்தம்.
இடத்தோள் மூன்று கிழமையாய்
கடையில் வாங்கினதுபோல.

"மழை இல்லையே" என்றேன்.
"எல்லாமே சுத்தமாய்த்தான் வருகின்றன."

என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.
அவரும் வாசிக்கிறவர்தான்.
ஒன்றும் சொல்லாமல் படியேறினார்.

கதவைச் சாத்தி, கையைத் துடைத்து
விலியாமிக்கு ஃபோன் எடுத்தேன்.
"தம்பி, உன்ர இடத்தோள் எப்பிடி?"

அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.
இந்தப் பக்கம், பியர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு
நடு மெஷின் நடக்கத் தொடங்கியது.