பாக்கி

அன்று விடியலில் ஒரு கோப்பையைக் கவிழ்த்தே வைத்தாள்
வர்க்கினேஷ். ஏனென்று கேட்டால் தெரியாது.
வாணலியில் காப்பிக்கொட்டை கருகியது;
அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

ஜிபூட்டி சாலையில் லாரி புரண்ட செய்தி
டெஸ்ஸே வந்துசேர உச்சிவெயில் ஆகிவிட்டது.

"மரியாமே" என்றாள்.
அதற்குமேல் நா எழவில்லை.

தெருவின் இழவுச் சங்கம் வந்தது:
கூடாரம், பெஞ்சுகள்,
அடியில் சிவப்புப் பெயிண்டில் பதினேழு என்று எழுதிய அண்டா.
முன்பின் அதிகம் பேசாத அஸ்கலே
வெங்காயம் நறுக்கியபடியே
அவள் விட்ட சொல்லைத் தொட்டு
ஜெபத்தைக் கொண்டுபோனாள்,
மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு.

மூன்றாம் நாள் வர்க்கினேஷுக்கு நினைவு வந்தது:
"இரண்டு மாதச் சந்தா பாக்கி."

கணக்கெழுதும் அல்மாஸ்
நோட்டை மூடி
அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.
"பருப்பு ஆறிப்போகுது" என்றாள்.