798

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
முந்நூறு அடியில் எங்கள் எடைமேடை.
இளநீர் லாரி ஏறி நின்றதும்
தராசு சொல்லிவிடும்,
பதினாறு டன் இருநூற்று நாற்பது கிலோ.
சீட்டு மட்டும் வராது.
பதின்மூன்று வயது லேப்டாப்
எதையோ யோசித்தபடி உட்கார்ந்திருக்கும்.

கொழிஞ்சாம்பாறை சஜீவன் அதற்குள்
இறங்கிப் போய் டீ குடித்து
கணக்கையும் தீர்த்துவிட்டு வருவார்.
"ஆச்சா?"
"ஆகுதுங்க."
சுலோச்சனா என்ற என் பெயரை
டிரைவர்கள் ஸ்லோச்சனா ஆக்கியது
போன மாசிக்குப் பிறகு.

லாரி ஓய்ந்த ஓர் இரவில்
டெர்மினலைத் திறந்து கேட்டேன்,
இப்போது என்ன வேகம்?
798 மெகாஹெர்ட்ஸ்.
நாலு கோரும் ஒரே பதில், பேசிவைத்த மாதிரி.
இரண்டாயிரத்து ஐந்நூறில் ஓடவேண்டிய வண்டி.

லினக்ஸில் வேகத்தை நிர்ணயிப்பவருக்குக்
கவர்னர் என்று பெயர்.
கல்லெறி தூரத்தில் இரண்டு மாநிலம்,
எங்களுக்கா கவர்னர் புதிது?
பவர்சேவை இறக்கினேன்,
பெர்ஃபார்மன்ஸை ஏற்றினேன்.
பதவியேற்றுக்கொண்டார்.
798.

சூடோ என்று அடிமூடியைக் கழற்றினேன்.
ஃபேனுக்குள் தேங்காய் நார்த்தூசி,
ஒரு பல்லிமுட்டை ஓடு.
ஊதிவிட்டு அளந்தால் நாற்பத்தாறு டிகிரி.
காய்ச்சல் இல்லை.
கெர்னலைப் புதிதாக்கினேன்.
பாலக்காட்டுக் காற்று
தகரக் கதவை விடாமல் அடித்தது.
மணி இரண்டரை.
798.

பிறகுதான் அந்தச் சின்னக் கோப்பு கண்ணில் பட்டது.
பயாஸ் லிமிட்.
உள்ளே ஒரே வரி, எட்டு லட்சம்.
கவர்னருக்கு மேலே,
கெர்னலுக்கும் கீழே இருந்து
யாரோ போட்ட உத்தரவு.

ஆன் செய்யும்போதெல்லாம்
கறுப்புத் திரையில் ஒரு வரி வரும்.
நாலு மாதமாக எஃப்-ஒன்னைத் தட்டித்
தாண்டிப் போயிருக்கிறேன்.
அன்றைக்குத்தான் படித்தேன்.
அடாப்டர் வகை தெரியவில்லை.

கரண்ட் வருகிறது.
அனுப்புவது யாரென்று தெரியவில்லை.
தெரியாத வீட்டில் சாப்பிடுகிற மாதிரி
கொஞ்சமாக எடுத்துக்கொண்டு
மெல்ல நடந்திருக்கிறது இது,
ஒரு வார்த்தை புகார் இல்லாமல். இல்லை,
தினமும் ஒரு வரி புகாரோடு.

பின்னின் நடுவில் ஓர் ஊசி.
அடாப்டர் தன் பெயரைச் சொல்வது அதன் வழியாக.
அந்த மயிரிழை வயர்
மேஜைக்காலடியில் நசுங்கிக் கிடந்தது.

காலையில் எல்லை தாண்டி
ரம்லத்தின் மொபைல் கடைக்குப் போனேன்.
ஈயம் ஒரு சொட்டு, நாற்பது ரூபாய்.
"இதுக்கா ராத்திரி முழுக்க முழிச்சிருந்தே?"

2501.
ஃபேன் அலறியது.
சஜீவன் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைக்கிறார்,
சீட்டு வந்துவிட்டது.
பின்னால் ஹாரன்.
சீட்டைப் பார்த்தார், டீக்கடையைப் பார்த்தார்.
"பழைய மாதிரி ஆக்க முடியாதா, ஸ்லோச்சனா?"

முடியும்.
பவர்சேவ் என்று ஒருவர்
பதவி இல்லாமல்தான் இருக்கிறார்.
நான் சொல்லவில்லை.