அழுத்தக்காரி

இரவு இரண்டு நாற்பது.
எட்மண்டனில் நான்காம் மாடி, ஜன்னல் இல்லாத அறை.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு என்பது
எனக்குத் திரையின் மூலையில் ஓர் எண்.

ஃபாக்ஸ் கிரீக் ஆலையில் ஏறுகிறது.
ஃபோர்ட் சஸ்காட்செவன் ஆலையில் இறங்குகிறது.
இடையில் காடு, கனோலா வயல், யாரோ ஒருவரின் குதிரைத் தொழுவம்.
அதற்கெல்லாம் அடியில்
ஆளுயர ஆழத்தில் போகின்றன
ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன்,
அப்புறம், பெயர் வைக்கச் சோம்பல்பட்டு
‘ஐந்தும் அதற்கு மேலும்’ என்று விட்டுவிட்ட சில.

நிறமில்லை. மணமும் இல்லை:
அடுப்படி சிலிண்டரில் நாம் அறிந்த அந்த நாற்றம்
பின்னால் யாரோ கலப்பது.

ஆவிதான் அவற்றின் சுபாவம்.
அழுத்திப் பிடித்தால்
தண்ணீர்போல் வரிசையில் நடக்கும்.
பிடி விட்டால்
ஒரு குடம், ஒரு சிற்றறை நிறைய.

என்னை அழுத்தக்காரி என்பாள் அக்கா.
விவாகரத்தை எட்டு மாதம் கழித்துச் சொன்னேனாம்.
தூத்துக்குடியில் அவள் அழுதாள்,
நான் இங்கே ‘ம்’ கொட்டினேன்.

ஏற்றிய கணக்கும் இறங்கிய கணக்கும்
இன்றிரவு ஒத்துவரவில்லை.
மூன்று கனமீட்டர் குறைகிறது.
பிறகு ஐந்து.
ஐந்து என்பது மீட்டரின் குளிர்நடுக்கமாக இருக்கலாம்,
போன வாரம் அப்படித்தான்,
அதற்கு முந்தின வாரமும்.

எட்டு.

பத்து நிமிடம், என்கிறது கையேடு.
விளங்காவிட்டால் நிறுத்து.
பக்கத்து மேசை லோர்ன் ஹவ்ரிலுக்
காப்பிக் கோப்பைக்குள் பார்த்தபடி சொல்கிறான்:
“நிறுத்தினா ரெண்டு ஆலையும் பந்தம் கொளுத்தும்.
விடியறதுக்குள்ள மூணு பேர் போன் பண்ணுவாங்க.”
நிறுத்தாதே என்று சொல்லவில்லை.
சொல்லமாட்டான்.
இந்த அறையில் பேச்செல்லாம் பதிவாகிறது.

ஏழாம் நிமிடம் நிறுத்தினேன்.
சுட்டியை இரண்டு முறை தட்டுவது, அவ்வளவுதான்.
பம்புகள் ஒவ்வொன்றாய்ச் சாம்பல் நிறமாயின.
எங்கோ இருட்டில் பதினொரு வால்வுகள்
பல்லைக் கடித்துத் திரும்பியிருக்கும்.
எனக்குக் கேட்கவில்லை.

மேயர்த்தோர்ப் பக்கமிருந்து ட்ரூடி கார்டினல்
வண்டி எடுத்துப் போனாள்.
நாலரைக்கு அழைத்தாள்: மூன்றாம் வால்வு, மான் தடம், வேறொன்றுமில்லை.
ஐந்தேகாலுக்கு: ஆறாம் வால்வு.
“கருவி பூஜ்யம்னு காட்டுது. என் மூக்குதான் உதிர்ந்திருச்சு.”
லோர்ன் சிரித்தான்.
நானும் சிரித்ததாகப் பதிவில் இருக்கலாம்.

ஆறு பத்துக்கு, ஒன்பதாம் வால்வில்,
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை அவள்.
பிறகு:
“பனிமேல பனி.
கைக்குட்டை அளவு.
நடுவுல மெல்லக் கொதிக்குது.”

அது எட்டு கனமீட்டர் இல்லை.
ஒரு வாளிகூடத் தேறாது.
எட்டுக்கு மீட்டர்தான் காரணம், வழக்கமான குளிர்,
மதியத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.
இந்தக் கைக்குட்டையை
எந்த மீட்டரும் பார்த்திருக்காது,
ஏப்ரல் வரை,
பனி உருகி, புல் கருகி,
யாராவது அங்கே வண்டியை நிறுத்தி
சிகரெட் பற்றவைக்கும் வரை.

படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில்
என்ன எழுதுவது என்று தெரியவில்லை.
“கணக்கு விளங்கவில்லை” என்று எழுதினேன்.
லோர்ன் எட்டிப் பார்த்து, பரவாயில்லை என்றான்.

நிறுத்தினாலும் குழாய் காலியாவதில்லை.
வால்வுக்கும் வால்வுக்கும் நடுவே
அப்படியே நிற்கும்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு,
அடுத்த உத்தரவு வரை.

ஏழு மணிக்கு வாகனத் திடல்.
இன்னும் விடியவில்லை.
வண்டி சூடாகும்வரை போனைப் பார்த்தேன்:
அக்கா, தவறிய அழைப்பு மூன்று.
அங்கே மாலை ஏழரை, இட்லிக்கு அரைத்துக்கொண்டிருப்பாள்.

மழையா என்று கேட்டேன்.
குளிரா என்று கேட்டாள்.
கண்ணாடியில் என் மூச்சு உறைந்து
பூப்போலப் பரவியிருந்தது.
நகத்தால் ஒரு கோடு கீறினேன்.

“ராத்திரி ஒரு கசிவு” என்றேன்.

கிரைண்டர் நின்றது.
“எங்கடி?” என்றாள்.